அம்மாவுக்குக் கொடுத்த இரண்டு நாள்

என் அம்மாவைத் தியாகி என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். சொல்கிறவர்கள் ஒருநாள்கூட என் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்ததில்லை. அவனுக்குப் பிறந்ததிலிருந்தே கை கால் வராது, பேச்சும் வராது. நான் சொல்கிற சமயத்தில் அவனுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பதினொன்று. சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்குப் பக்கத்துக் குப்பத்தில் எங்கள் வீடு. அப்பா விடியுமுன் கடலுக்குப் போவார். வந்து வலையை உதறி முடித்தால் படுத்துவிடுவார். அண்ணன் அம்மாவுடைய வேலை.

எனக்கு அவன்மேல் பொறாமை. வெட்கப்பட்டுக்கொண்டு ரொம்ப நாள் இதைச் சொல்லாமல் இருந்தேன். ஃபேன் அவன் பக்கம்தான் திரும்பியிருக்கும். நல்ல மீன் வந்தால் முள் எடுத்து, மசித்து, முதல் வாய் அவனுக்கு. எனக்கு வால் துண்டு. முள்ளை நானே பார்த்துத் தின்ன வேண்டும். அம்மா மடியில் நான் உட்கார்ந்த ஞாபகமே இல்லை. அது எப்போதும் நிரம்பியிருந்தது.

அவனுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஓர் அமைப்பிலிருந்து ஓர் அக்கா வருவார். ஒருநாள் அவர் ஒரு ஃபாரத்தோடு வந்தார். மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டுக்காரர், வார நாளில் காலியாகக் கிடக்கிற ரூமை, வீட்டில் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு இரண்டு நாள் சும்மா கொடுக்கிறாராம். ஒரு டிராவல்ஸ்காரர் கார் கொடுக்கிறார். பஸ் ஸ்டாண்டு மெஸ்காரர் வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறார். அந்த இரண்டு நாளும் அக்காவே எங்கள் வீட்டில் தங்கி அண்ணனைப் பார்த்துக்கொள்வார்.

“நான் அங்க போயி இன்னா பண்றது?” என்றாள் அம்மா.

“ஒன்னும் பண்ண வேணாம்மா. தூங்குங்க. எழுந்து சாப்புடுங்க. மறுபடியும் தூங்குங்க.”

“தூங்கறதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா?”

அம்மா சிரித்தாள். ஆனால் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

என் காதில் விழுந்தது ரிசார்ட் என்ற ஒரு வார்த்தைதான். பஸ் ஜன்னல் வழியாக அதன் கேட்டை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உள்ளே நீச்சல் குளம் இருக்கிறது, நானும் அம்மாவும் போகப் போகிறோம் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு எடுத்த துணியை மடித்து அம்மா பைக்குள் அடியில் வைத்தேன்.

கார் வந்த அன்று காலையில் அக்கா அதை எடுத்து வெளியே வைத்தார்.

“பாத்துக்கிறவங்க மட்டும்தான் போகணும் பாப்பா. நீயும் போனா அங்க உன்னைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க.”

“நானும்தான் அவன பாத்துக்கிறேன். எச்சி தொடைக்கிறேன். கரண்டு போனா விசிறி வுடுறேன்.”

அக்கா சிரித்து என் கன்னத்தைக் கிள்ளினார். கன்னத்தைக் கிள்ளுகிறவர்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

ஏசி கார். குப்பமே நின்று பார்த்தது. எதிர்வீட்டுப் பெரியம்மா, “இன்னாடி, சினிமா ஸ்டார் கணக்கா போற. திரும்பி வருவியா, அப்டியே போயிடுவியா?” என்றாள். அம்மா சீட்டு நுனியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் ஆட்டவில்லை.

அம்மாவின் போனை அக்கா வாங்கி வைத்துக்கொண்டார். கையில் இருந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாள் என்றார். அவசரத்துக்கு ரிசார்ட் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் காலண்டரில் குத்தி வைத்தார்.

மத்தியானம் மெஸ்ஸிலிருந்து பிரியாணி வந்தது. பொட்டலத்துக்கு ஒரு முட்டை. அக்கா அவன் முட்டையை மசித்து ஊட்டினார். பிறகு, “எப்படிச் சாப்பிடுறான் பாரு” என்று என் முட்டையையும் எடுத்து அவன் தட்டில் போட்டார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அம்மா போனாலும் முட்டை அவனுக்குத்தான். அந்த நேரத்தில் அம்மா நீச்சல் குளத்தில் கால் நனைத்துக்கொண்டிருப்பாள் என்று வேறு நினைத்தேன்.

அக்கா குளிக்கப் போனதும் அம்மாவின் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினேன். ஓர் ஆள் இங்கிலீஷில் ஏதோ சொன்னான்.

“சதுரங்கப்பட்டினத்துலேர்ந்து ஒரு அம்மா வந்துகீறாங்க இல்ல, அவங்க கைல சொல்லுங்க. பையனுக்கு ஜுரம். ஒடம்பு அனலா கொதிக்குது.”

“நீங்க யாரு பேசறது?”

வைத்துவிட்டேன். அவன் சொல்வானா, விளையாட்டு என்று விட்டுவிடுவானா என்று தெரியவில்லை. அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. இப்போது நிஜமாகவே ஜுரம் வந்தால் நல்லது என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் அம்மா வந்துவிட்டாள். பஸ்ஸைப் பிடித்து, ரோட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். தலை கலைந்திருந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பு கோடாகப் பதிந்திருந்தது. காலில் ரூமில் கொடுக்கிற வெள்ளைத் துணிச் செருப்பு, மண்ணாகிப் போயிருந்தது. நேராக அண்ணனிடம் போய் நெற்றியில் கை வைத்தாள், கழுத்தில் வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

“என்னம்மா ஆச்சு? ஏன் வந்துட்டீங்க?” என்று அக்கா கேட்டார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் சொன்னாள்: “மன்சு கேக்கலம்மா. புள்ள நெனப்பாவே இருந்துச்சு.”

“இதுக்கா ஊர்ல இருக்கிற கடைக்காரங்க கால்ல எல்லாம் விழுந்து ஏற்பாடு பண்ணேன்? இன்னும் ஒன்றரை நாள் இருக்கு. காரை வரச் சொல்றேன், திரும்பிப் போங்க.”

“வேணாம்மா. போதும்.”

நான் சொன்ன பொய் அம்மாவிடம் போய்ச் சேரவில்லை, தானாகவே வந்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். தப்பித்த நிம்மதி கொஞ்ச நேரம்தான். பிறகு வயிறு எரிந்தது. அவ்வளவு பெரிய ரிசார்ட்டையே விட்டுவிட்டு இவனுக்காக ஓடி வருகிறாள். எனக்காக எதையாவது விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாளா? அந்தச் செருப்பைக் கேட்டேன், கொடுத்தாள். கழுவிக் காயவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், நான் ரிசார்ட்டுக்குப் போனதற்குச் சாட்சியாகக் காட்டினேன்.

அடுத்த வருஷம் அக்கா மறுபடி ஃபாரத்தோடு வந்தார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா அண்ணனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

“வேற யார்னா கீறாங்களா பாருங்கம்மா. நான் போனா எம் பொண்ணுக்கு ஜுரம் வந்துடும்.”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்கு ஜுரம் வந்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போனது என்றுகூட இவளுக்கு ஞாபகம் இல்லை, மனசு பூராவும் அவன்தான் இருக்கிறான் என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.