வெந்நீரில் துவைத்த கைக்குட்டை

சலவைக் கடைக்காரியிடம் கறையைப் பற்றிப் பொய் சொல்லித் தப்பியவர் யாரும் இல்லை. காப்பியா, மையா, துருவா என்று துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளின் புருஷன், பள்ளிக்கூட வேன் ஓட்டியவர், தன் கைக்குட்டையைத் தானே துவைத்துக் குளியலறையில் காயப்போட்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு துணியை நனைத்தறியாத மகராசன்! அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. எடுத்துப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. நடுவில் பழுப்பாக ஒரு திட்டு. ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீரில் போட்டால் நூலோடு பிடித்துக்கொள்ளும். பாவம், அவருக்கு அது தெரியாது.

அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். சிகிச்சை நடக்கும்போதே காலில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துணுக்கு நுரையீரலுக்குப் போய் மூச்சை அடைத்தது. ரத்தம் உறையாமலிருக்க தினமும் வயிற்றில் ஊசி போடச் சொன்னார் டாக்டரம்மா. அவள்தான் போட்டுவந்தாள். கால் வீக்கம் வடிந்தது, மூச்சு சீரானது. அதோடு, நோயையே இந்த ஊசிதான் கரைக்கிறது என்று அவர் மனதில் ஊன்றிவிட்டது. "இது ரத்தம் கட்டாம இருக்கத்தான், புற்றுநோய்க்கு இல்ல. இருமல்ல ரத்தம் வந்தா உடனே சொல்லணும்" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். கேட்டால்தானே!

கைக்குட்டையை அவர் முன்னால் நீட்டினாள்.

"எத்தனை நாளா?"

"சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்க. என் நோய்க்குக் கேட்ட மருந்து அது ஒண்ணுதான்டி."

"தெரியாம நான் பாட்டுக்குக் குத்திக்கிட்டே இருந்திருக்கேனே, பாவி!"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினார். அவர் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. அழுதுகொண்டேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா ஊசியை நிறுத்தினார்.

"நிறுத்தினா மறுபடி கட்டிக்காதாம்மா?" என்று கேட்டாள்.

"கட்டலாம். போட்டா ரத்தம் ரொம்ப வந்துடலாம். இப்போதைக்கு அதுதான் பெரிய பயம். கால் வீங்கினா உடனே வாங்க."

அதற்குப் பிறகு அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடையில் சட்டைகளைத் தேய்த்தபடி அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். சொன்னது தப்பு போலிருந்தது. சொல்லாமல் விட்டிருந்தாலும் தப்புதான். யாரை நொந்துகொள்வது?

சில நாள் கழித்து, இருமியவர் தானாகவே கைக்குட்டையை விரித்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"பாருங்க, நின்னுடுச்சு!"

"நின்னுடுச்சு" என்றவர், கால்சட்டையை முழங்கால்வரை மெல்லச் சுருட்டினார். "இப்ப இதைப் பாரு."

ஒரு கால் மட்டும் பருத்துப் பளபளத்தது. விரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"எப்பலேருந்து?"

"முந்தாநாள்லேருந்து. சொன்னா, உன்னாலதான்னு நீ அழுவியே."

அவள் வண்டி பிடிக்க வாசலுக்கு ஓடினாள்.