கழுவ வசதியாகப் போட்ட தரை

நாடு விட்டு வந்து லின்ஃபீல்டில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்பக்கம், வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை இருந்தது. முன்பு இருந்தவர் அதில் புல்வெட்டும் மெஷினை வைத்திருந்தார், சிலந்திகள் தாமாகவே குடியேறியிருந்தன. அதை அறையாக்கித் தருவதாகத்தான், எங்களோடு வந்து இருக்கப்போகிற அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். யாழ்ப்பாணத்தை விட்ட பிறகு ஏழு வருடம் அவள் கொழும்பில் உறவினர் வீட்டு விறாந்தைகளில் பாய் விரித்துப் படுத்தவள். "உனக்கெண்டு ஒரு தனி அறை" என்று எழுதியபோது, அங்கே நான் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் என்பதை எழுதவில்லை.

மனிதர் வசிக்கும் அறைக்கு இவ்வளவு உயரம் வேண்டும், இல்லாவிட்டால் அது சாமான் அறைதான் என்றது, கட்டட அனுமதி கொடுக்கும் கவுன்சில். எங்களுடையது ஒரு முழம் குறைவு. மேலே உயர்த்த வழியில்லை, மேலே நாங்கள் குடியிருந்தோம். அனுமதி எடுத்துக் கீழே தோண்டினோம். ஆறு சனிக்கிழமைகள், நாலு நண்பர்கள், மனைவியின் ஆட்டிறைச்சிக் கறி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததை வேலை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சீமெந்துத் தரை போடும் பொறுப்பை நண்பர்களில் மூத்தவர் எடுத்துக்கொண்டார். ஊரில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவர், இங்கே ஹென்டர்சனில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். இரசமட்டத்தைக் கையில் எடுத்ததும் அவருடைய நடையே மாறிவிட்டது. எங்களை "டேய்" என்று விரட்டினார், நாங்களும் சந்தோஷமாக ஓடினோம்.

அக்கா வர இரண்டு கிழமை இருக்கும்போது கவுன்சில் பரிசோதகர் வந்தார். வாசலருகே அளவு நாடாவை நீட்டினார், சரியாக இருந்தது. நடுவில் நெற்றியைச் சுருக்கினார். பின்சுவரருகே உயரம் மூன்று விரல் குறைந்தது. "கூரை நேராகத்தான் இருக்கிறது, தரைதான் உள்ளே போகப் போக ஏறுகிறது" என்றார்.

நான் ஓவசியரைப் பார்த்தேன். அவர் துளியும் கலங்கவில்லை.

"பின்னை? சரிவு வைக்காமல் ஆராவது தரை போடுவினமோ? வாளியாலை தண்ணி ஊத்திக் கழுவினா வாசலாலை ஓடவேணுமெல்லே?"

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். "தரைக்கு என்ன விரிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார் பரிசோதகர். மனைவி மூலையில் நின்ற கார்ப்பெட் சுருளைக் காட்டினாள். சிரித்த சிரிப்பில் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. சிரித்துக்கொண்டே, சரியில்லை என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இது படுக்கிற அறையோ, மீன் சந்தையோ?" என்று ஓவசியரிடம் கத்திவிட்டேன். அவர் இரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உண்மையில் அவர் சரிவு வைத்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். நான் பிறந்து வளர்ந்த வீட்டின் தரை எல்லாமே அப்படித்தான், அதனால் எனக்கும் வித்தியாசமாகப் படவில்லை. "நீங்களும் பக்கத்திலைதானே நிண்டனியள்" என்ற மனைவியிடமும் கோபித்தேன்.

அடுத்த சனிக்கிழமை, வாடகைக்கு எடுத்த கொங்கிரீட் உடைக்கும் மெஷினோடு ஓவசியர் வாசலில் நின்றார். "கதைக்காமல் அங்காலை நில்" என்றார். நின்றேன்.

பாதித் தரை உடைந்து கிடக்கும்போதே அக்கா வந்து இறங்கினாள். ஹோலில் மெத்தை போட்டுக் கொடுத்தோம். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எனக்கு இது பழக்கம்தானே" என்று அவள் ஆறுதல் சொன்னது அதைவிட மோசமாக இருந்தது. பகலில் கீழே இறங்கி, ஓவசியருக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே, "அண்ணை, நான் தரை கழுவமாட்டன், கூட்டுவன். சத்தியமா" என்பாள். அவரும் சிரித்துவிடுவார்.

புதிய பாதி இறுகிய பிறகு பரிசோதகர் மறுபடி வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு இடத்தில் அளந்தார். சரி என்று எழுதித் தந்தார்.

"இனி இது என்ரை அறைதானே?" என்று கேட்டாள் அக்கா.

"ஓம் அக்கா."

"அப்ப எல்லாரும் வெளியிலை போங்கோ."

பரிசோதகர் உட்பட எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. காலை பத்து மணி.

"என்ன மச்சாள் செய்யிறியள்?" என்று மனைவி பயந்துபோய்க் கேட்டாள்.

"ஒண்டுமில்லை. சும்மா நிக்கிறன்."

பரிசோதகர் என்னிடம், ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை என்றேன், ஏழு வருடத்துக்குப் பிறகு அவள் சாத்துகிற முதல் கதவு அது.