அரக்குப் பெட்டியில் புட்டு

நான்காம் வகுப்புவரை என் மதியச் சாப்பாடு தீர்ந்துபோன மார்ஜரின் டப்பாவில்தான் பள்ளிக்கூடம் போனது. நாங்கள் குடியேறிய வோபர்னில் எங்கள் அடுக்குமாடியில் பாதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதே கதிதான் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. மூடியைத் திறந்தால் பக்கத்து மேசைப் பையன் மூக்கைப் பொத்துவான்.

நான்காம் வகுப்பில் இருந்தபோது, ஜனவரிப் புதுவருடத்தன்று, பக்கத்து வீட்டு ஜப்பான்கார அன்ரி மூன்றடுக்குப் பெட்டியொன்றில் முட்டைச் சுருளும் இனிப்பு அவரையும் இறாலும் கொண்டுவந்து தந்தார். மரத்தில் அரக்குப் பூசிய பெட்டி. வெளியே கறுப்பு, உள்ளே குங்குமச் சிவப்பு. பார்த்ததுமே மனதைப் பறிகொடுத்துவிட்டேன்.

“ஆக்களின்ரை ஏனத்தை வெறுமையாக் குடுக்கக்கூடாது” என்று அம்மா பொங்கலன்று அதில் வடையும் மோதகமும் வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினார். ஜப்பானிலும் இதே வழக்கமாம். இரண்டு கிழமையில் பெட்டி சோற்று உருண்டைகளோடு திரும்பி வந்தது. பிறகென்ன, பனி கரையும்வரை இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓய்வில்லாமல் அலைந்தது. தூதுவர் நான்தான். ஆங்கிலம் என்றால் அம்மாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடையிலும் டொக்டரிடமும்கூட நான்தான் பேசவேண்டும்.

வகுப்பில் வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்து பகிரும் நாள் வந்தது. அந்தப் பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அப்போது அது அன்ரி வீட்டில் இருந்தது.

“வேணுமெண்டால் நீயே போய்க் கேளன்” என்றார் அம்மா.

எனக்கென்று கேட்க வெட்கம். சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால், பூப்போட்ட துணியில் முடிச்சுப் போட்டுக் கட்டியபடி பெட்டி மேசையில் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

வகுப்பில் ஒவ்வொரு அடுக்காக எடுத்து வைத்தேன். புட்டு, தேங்காய்ச் சம்பல், கத்தரிக்காய்ப் பொரியல். சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சிவப்பில் வெள்ளைப் புட்டு ராசா வீட்டுச் சாப்பாடு மாதிரி இருந்தது. மூக்கைப் பொத்துகிறவன் வரிசையில் முதல் ஆளாக நின்றான். அவன் மறுபடி கேட்டபோது கொஞ்சம் யோசித்துத்தான் போட்டேன். அடுக்குகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்படியொரு வெற்றி எனக்கு அதற்குமுன் வாய்த்ததேயில்லை.

வெறும் பெட்டியோடு வீட்டுக்குப் பறந்தேன். அம்மா பெரியம்மாவோடு தொலைபேசியில் இருந்தார். பொறு என்று எனக்குக் கையைக் காட்டினார்.

“ஓம் அக்கா, பெட்டி கேக்க நான் தனியத்தான் போனனான். இங்கிலீசிலதான் கேட்டனான். அவவுக்கு விளங்கிட்டுது.”

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குரல் சிரிப்பில் தடுமாறியது. புட்டு முடிந்த கதையைக் கேட்காமல் இதென்ன பெரிய விசேஷம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.