மழை விடக் காத்திருந்த மீன்கறி

சுக்கு வாசனை... இப்போதும் யாராவது சுக்கு இடித்தால் எனக்கு மட்டாஞ்சேரியின் அந்த மாடி வீடுதான் நினைவுக்கு வரும். கீழே மசாலாக் கிடங்கு. மேலே நீலச் சுவர், காயலைப் பார்த்த பெரிய ஜன்னல், அதன் அருகே ஒரு தேக்கு மேசை.

அப்போது நான் எறணாகுளத்தில் ஒரு பத்திரிகையில் ஃபுட் ஸ்டைலிஸ்ட். சாப்பாட்டைப் படத்துக்கு ஏற்ற மாதிரி அலங்கரித்து வைக்கிற வேலை. முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த அப்பாவுக்கு அது கடைசி வரை பிடிபடவில்லை. "நீ அங்கெ சமைக்கிறியா, இலையிலெ விளம்புறியா?" என்பார். ரெண்டும் இல்லப்பா என்று சிரித்துக்கொண்டே ஓடிவிடுவேன்.

பழைய வீடுகளையும் அவற்றின் சமையலையும் வைத்து ஒரு சிறப்பிதழ். அட்டைப்படம் இந்த முறை எனக்கு என்று எடிட்டர் மேடம் சொல்லியிருந்தார். என் முதல் அட்டை! மேசை, ஜன்னல், சட்டியில் மீன்கறி. படத்தில் ஆட்கள் கூடவே கூடாது. மறுநாள் ஃபிலிமைக் கழுவிக் கொடுத்தாக வேண்டும்.

போட்டோகிராபர் சாஜன் சேட்டனுக்கு ஃப்ளாஷ் என்றாலே ஆகாது. "கறி பிளாஸ்டிக் போலெ இருக்கும்" என்பார். ஜன்னல் வெளிச்சம்தான் வேண்டும் அவருக்கு.

அது மிளகு வியாபாரம் செய்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் வீடு. வீட்டில் உம்மாவும் மகள் ஜமீலாவும் மட்டும். அத்தா காலமாகி அதிக நாள் ஆகவில்லை. அடுத்த வாரம் ஜமீலா கணவனிடம் தோஹாவுக்குப் போகிறாள். உம்மா ஆலுவாவில் தன் தம்பி வீட்டுக்கு. அதோடு இந்த வீட்டுக்குப் பூட்டு.

கறியை உம்மாவேதான் வைத்தார். படத்தில் உடையாமல் இருக்க மீன் அரைவேக்காடாக வேண்டும் என்றேன். அப்படியே திகைத்துப் போனார்.

"வேகாத மீனா? இதெ ஆரு திங்கும் மோளே?"

படத்துக்குத்தான் உம்மா என்று சமாளித்தேன்.

மாடிப்படியில் ஜமீலா என் கையைப் பிடித்தாள். "அக்கா, உம்மாவெ ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா? அத்தா போனதுக்கு அப்புறம் உம்மா கேமரா முன்னாடி நிக்கவே மாட்டேங்குது. கொண்டுபோக என்கிட்ட ஒண்ணுமே இல்லெ."

கேட்டுப் பார்த்தேன். "வீட்டெ எடுத்துக்கோ. என்னெ வேண்டாம்" என்று உம்மா அடுக்களைக்குள் போய்விட்டார்.

பிறகு மழை... காயலே தெரியாத மழை. கரண்டும் போனது. மீன் துண்டுகளில் தேங்காயெண்ணெய் தடவி, கறிவேப்பிலையைக் குளிர்ந்த நீரில் போட்டு, நாங்கள் வெறுமனே காத்திருந்தோம். ஓட்டில் மழைச் சத்தம். கீழேயிருந்து ஈரச் சாக்கின் மணம். அரைத் தூக்கத்தில் இருப்பது போல ஒரு மதியம். உம்மா சாயா கொண்டு வந்தார். ஈ உட்காராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று மேசை அருகே அமர்ந்தவர், மெல்லப் பேச ஆரம்பித்தார்.

"ஜமீலாவோட அத்தா காலையிலெ இங்கெதான் இருப்பாரு. ஒரு கையிலெ சாயா. ஜன்னல் வழியா வள்ளக்காரங்களெ எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. பாதிப் பேருக்குத் தப்பான பேரு... அவங்களும் கை காட்டிட்டுப் போவாங்க."

சொல்லிவிட்டு உம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த நேரத்தில்தான் மேகம் விலகியது.

வெளிச்சம் வந்தது. நீலச் சுவர், மேசை, கறி, உம்மா தலையில் போட்டிருந்த வெள்ளைத் தட்டம்... எல்லாவற்றின் மேலும் ஒரு தேன் நிறம்.

சாஜன் சேட்டன் கேமராவுக்குப் பின்னால் நின்றபடி என்னைப் பார்த்தார். 'உம்மா, கொஞ்சம் எழுந்திருங்க' என்று நான் சொல்ல வேண்டும். தொண்டை வரை வந்தது. என் அட்டை... என் முதல் அட்டை.

வாசலில் இருந்து ஜமீலாவின் குரல்: "உம்மா... அங்கெயே இரி."

உம்மா திரும்பி மகளைப் பார்த்தார், பிறகு கேமராவை. நான் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன். தலைத் தட்டத்தைச் சரிசெய்துகொண்டு அவரே சொன்னார்: "எடுக்கிறதுன்னா வேகம் எடு மோனே. கறி ஆறிப்போகும்."

ஜமீலாவுக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்து உம்மாவும்... சாஜன் சேட்டன் எடுத்தார்.

அவ்வளவுதான். அடுத்த மேகம் வந்து மூடியது. பிறகு கறியை மட்டும் மங்கல் வெளிச்சத்தில் எடுத்தோம். அதில் ஒன்றுமே இல்லை என்று எடுக்கும்போதே தெரிந்தது.

அரைவேக்காட்டு மீனை உம்மா மறுபடி கொதிக்கவைத்து, வேகவைத்த கப்பைக் கிழங்கோடு எங்களை உட்காரவைத்து விளம்பினார். படகில் திரும்பும்போது நான் அழுதேன். "அது போகட்டே மோளே. கறி நாளெயும் வெக்கலாமல்லோ" என்றார் சாஜன் சேட்டன்.

அட்டை வேறு டீமுக்குப் போனது. மேடம் பல நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜமீலா கிளம்பும் முன்பு உம்மா படத்தின் பிரிண்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜமீலா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, "உம்மா சிரிக்குதுக்கா..." என்றாள்.

எனக்கும் ஒருநாள் அட்டை கிடைத்தது. அது என்ன படம் என்று இப்போது யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

போன மாதம் அதே தெருவில் ஒரு கஃபேயில் ஷூட். ஜன்னலுக்குத் திரை போட்டு, எல்.இ.டி. லைட்டை ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். காலை வெயில் வேண்டுமா, அந்தி வெயில் வேண்டுமா என்று போனைத் தட்டிக் கேட்டான் லைட்டிங் செய்த பையன். படம் பிரமாதமாக வந்தது. சீக்கிரமே முடித்துவிட்டோம். சமைத்துக் கொடுத்த பெண்ணின் பெயரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்தால் தெரு முழுக்க ஈரம். ஓடுகளில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல மழை போலிருக்கிறது...

உள்ளே இருந்த எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.