நான் உரிமை கொண்டாடிய வாக்கு

நான் ஒரு மனிதரின் வாக்கைத் திருடினேன்.

பெட்டியிலிருந்து அல்ல. அது பெட்டியில் விழுந்து, எண்ணப்பட்டு, எல்லாம் முடிந்த பிறகு... அந்த மனிதர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, "அது என்னுடையது" என்று கையை உயர்த்தினேன்!

ஒரு வாக்குத்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் அந்தக் கட்சியை நீங்கள் அறிந்திருந்தால் சிரிக்கமாட்டீர்கள்.

எழுபதுகளில், டொரன்டோவில் யாரோ ஒருவரின் பேஸ்மென்டில் தொடங்கிய கட்சி அது. அரசாங்கம் மனிதரைத் தன்பாட்டில் விடவேண்டும் என்பதே அவர்களுடைய ஒரே கொள்கை. ஒவ்வொரு மாகாணத் தேர்தலிலும் ஆள் கிடைத்த தொகுதிகளில் நின்றார்கள். நின்ற இடமெல்லாம் தோற்றார்கள். தொலைக்காட்சி விவாதங்களுக்கு அவர்களை அழைப்பதில்லை. வரிப்பணத்திலிருந்து எந்த உதவியும் வேண்டாம் என்றார்கள். தெருவிளக்கு யாருக்குச் சொந்தமாக இருக்கவேண்டும் என்று ஒரு மாலை முழுவதும் சண்டை பிடித்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து கோப்பை கழுவினார்கள். அவர்களில் பாதிப்பேருக்குப் பைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது... பொய் சொல்லத் தெரியாத அரசியல்வாதிகளை நான் வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்டிருக்கிறேன் என்று!

டொரன்டோவின் அஜின்கோர்ட் தொகுதியில் அவர்களுடைய வேட்பாளர் ஐரீன். ஒரு மோலுக்குள் சாவி வெட்டும் சிறிய கடை வைத்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி. தொண்ணூறுகளின் நடுவில் நடந்த தேர்தலுக்காக எங்கள் அப்பார்ட்மென்ட் கதவைத் தட்டியவர், ஜன்னலைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். மூன்று பெரிய கட்சிகளின் பதாகைகளும் அங்கே வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. கட்சிக்காரன் வந்து கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது என்பது நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த பாடம். அங்கே அந்தச் சொல்லுக்கு உயிர் போயிருக்கிறது. அகதியாக வந்து, பிரஜையாகி, முதல் வாக்கைப் போடப்போகும் வேளையிலும் அந்தப் பயம் எங்களை விடவில்லை.

"என்னுடையதை ஒட்டவேண்டாம். எனக்கு இல்லை என்று சொல்லிப் பழகுங்கள்," என்றார் ஐரீன்.

நான் உருகிப்போனேன். அன்றிலிருந்து அவருடைய மொழிபெயர்ப்பாளன் நான். தமிழ் வீடுகளுக்கெல்லாம் கூடவே நடந்தேன். வாடகைக்கு இருப்பவர்களிடமே, "எங்கள் கட்சி வென்றால் வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுவோம்" என்று சொன்னார் அந்த மனுசி! அந்த வரியை மட்டும் விழுங்கிவிடவா என்று கேட்டேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

"என் சொல்லை அப்படியே கொடுங்கள். இல்லையென்றால் நீங்கள் வேண்டாம்."

அப்படியே கொடுத்தேன். கதவுகள் சாத்தப்பட்டன. ஒரு கதவு மட்டும் திறந்தது.

செல்வராசா அண்ணை எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி கீழே இருந்தவர். சின்னதொரு தமிழ்ப் பலசரக்குக் கடைக்காரர். சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிற்றுக்கிழமையில் கடை திறப்பது குற்றமாக இருந்த காலத்தில், அவர் திறந்து பிடிபட்டிருந்தார். அப்போது முன்பின் தெரியாத ஐரீன் அவருக்கு ஆதரவாகப் பதாகையோடு அவருடைய கடைவாசலில் பனிக்குள் நின்றிருக்கிறார். அண்ணைக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஐரீனைக் கண்டதும் கதவை அகலத் திறந்தார்.

"என்ரை வோட்டு உங்களுக்குத்தான் எண்டு சொல்லு தம்பி. வாடகை ஏறினா ஏறட்டும்."

தேர்தல் நாள் வந்தது. மறைப்புக்குப் பின்னால் நான் தனியே நின்றேன். பென்சில் கையில்... வாடகை ஞாபகம் வந்தது. வாடகைக் கட்டுப்பாட்டைக் காப்போம் என்ற பெரிய கட்சிக்குப் புள்ளடி போட்டேன்.

அது குற்றமில்லை. அது என் உரிமை. ஐரீனே அப்படித்தான் சொல்லியிருப்பார். நான் சொல்லவந்த குற்றம் அதற்குப் பிறகு நடந்தது.

அன்று மாலை, எங்கள் கட்டடத்து மண்டபத்தில் வாக்கெண்ணும்போது ஐரீனின் முகவராக நான்தான் இருந்தேன். அந்தப் பெட்டியில் அவருக்கு ஒரேயொரு வாக்கு. அது யாருடையது என்று எனக்கு மட்டுமே தெரியும். இரகசிய வாக்கெடுப்பு என்பதெல்லாம் பெரிய கட்சிகளுக்கு! இவ்வளவு சிறிய கட்சியில் ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு முகம் இருக்கிறது.

அடுத்த நாள் ஐரீனின் பேஸ்மென்டில் எல்லோரும் கூடினோம். அண்ணை ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார். தோற்ற வீடு மாதிரியே இல்லை. ஒவ்வொரு வாக்குக்கும் கைதட்டினார்கள். எங்கள் கட்டடத்தின் முறை வந்ததும் ஐரீன் துள்ளினார்.

"ஒன்று! யார் அது?"

எல்லாக் கண்களும் என்மேல். கட்சியின் முதல் தமிழன், ஓடியோடி மொழிபெயர்த்தவன்... என் கை தானாக உயர்ந்தது! தானாகவா? இல்லை. நான்தான் உயர்த்தினேன்.

"என்னவாம் தம்பி?" என்றார் அண்ணை, முகமெல்லாம் சிரிப்பாக. "நான் போட்டனான் எண்டு அவவுக்குச் சொல்லு."

நான் ஐரீன் பக்கம் திரும்பினேன். கடையில் வேலை அதிகமாம், வாக்குப் போட வர முடியவில்லையாம், மன்னிக்கட்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஐரீன் எழுந்துவந்து அண்ணையின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "நீங்கள் எனக்கு எதையும் தரவேண்டியதில்லை. நீங்கள் சுதந்திரமானவர். அதற்காகத்தானே நாங்கள் நிற்கிறோம்," என்றார். குரலில் அத்தனை கனிவு.

அண்ணை அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார். "தேங்க் யூ, தேங்க் யூ" என்று தலையாட்டினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. நான் அவர் கொண்டுவந்த ரோல்ஸில் இன்னொன்றை எடுத்துத் தின்றேன்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மறுபடி தேர்தல் வந்தது. ஐரீன் மறுபடியும் நின்றார். "செல்வராசாவைத் தொந்தரவு செய்யவேண்டாம், பாவம், போன முறையே சங்கடப்பட்டார்," என்று அவருடைய கதவைத் தட்டாமலே கடந்துபோனார். அவரை மதித்துத்தான் அப்படிச் செய்தார்.

அண்ணை என்னை லிஃப்டில் பிடித்தார். "ஏன் தம்பி, ஐரீன் என்னட்டை வரேல்லை? நான் ஏதும் பிழையாக் கதைச்சிட்டனோ?"

"அவவுக்கு நேரமில்லை அண்ணை," என்றேன்.

அந்த முறை நான் உண்மையாகவே ஐரீனுக்குப் போட்டேன். பரிகாரம் என்று நினைத்தேன். எண்ணியபோது இரண்டு இருந்தன! யாரும் கேட்காமல், கேட்காத காரணமும் புரியாமல், அந்த மனிதர் போய்ப் போட்டிருக்கிறார். நான் அவரைவிட நல்லவன் என்றல்லவா ஐரீன் இத்தனை காலமும் நம்பினார்?

ஐரீனுக்குத் தலைகால் புரியவில்லை. "இரட்டிப்பாகிவிட்டோம்! யார் இந்தப் புதியவர்? நான் நேரில் போய் நன்றி சொல்லவேண்டும்."

வாய்ப்பு கையில் வந்து நின்றது. ஒரு பெயர்... ஒரேயொரு பெயர் சொன்னால் போதும்.

"தெரியாது," என்றேன்.

ஐரீன் இப்போது ஒஷாவாவில் மகளோடு இருக்கிறார். நத்தார் பண்டிகைக்குத் தொலைபேசியில் என்னை அழைத்துக் கதைப்பார். அந்தப் புதியவரைக் கண்டுபிடித்தாயா என்று இன்னும் கேட்பார். அண்ணை இதே கட்டடத்தில்தான் இருக்கிறார். போன கிழமை லொபியில் கண்டேன்.

"ஐரீனோடை கதைச்சா சொல்லு தம்பி. அவ திரும்ப நிண்டாலும் என்ரை வோட்டு அவவுக்குத்தான்."

"ஓம் அண்ணை, சொல்லுறன்," என்றேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். ஐரீனிடம் இன்னும் சொல்லவில்லை.