மிஸ்டர் லின் வரைந்த காய்ந்த தாமரை

சென்ற மாதம் ஒரு காலையில் எதிர்வீட்டுச் சீனப் பெண் மெய் எங்கள் வாசலில் வந்து நின்றாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி எவ்வளவு கூப்பிட்டும் அவள் உள்ளே வரவில்லை. “அப்பா நேற்று இறந்துவிட்டார். துக்கத்தோடு இன்னொருவர் வீட்டுக்குள் நான் நுழையக் கூடாது” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். என் மனைவிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சால்வையை எடுத்துக்கொண்டு அவளே வெளியே போய் மெய்யின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அமெரிக்காவில் இந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நம் தமிழர் பலரின் வீட்டுச் சுவரில் மெய்யின் அப்பா இருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்கு அன்பளிப்பாக வந்த கெண்டை மீன்கள், பாயும் குதிரைகள், சிவந்த பியோனிப் பூக்கள். ஓரத்தில் சிவப்பு முத்திரை இருந்தால் பெரும்பாலும் அது மிஸ்டர் லின் வரைந்தது.

அவருக்கும் கார் ஓட்டத் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் நட்பு அங்கேதான் தொடங்கியது. செய்தி தேடி மாவட்டம் மாவட்டமாக அலைந்த நான் மகன் வீட்டில் இருந்தேன். அவர் மகள் வீட்டில். யாராவது கூட்டிப்போனால்தான் வெளியே போக முடியும். மற்ற நாட்களில் ஹைவே ஓரத்து வேலி வரை இருவரும் நடப்போம். சற்று நேரம் கார்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

சீனாவில் அவர் வேலை பார்த்தது எனாமல் பாத்திரத் தொழிற்சாலையின் ஓவியப் பிரிவில். முகம் கழுவும் கிண்ணங்களிலும் வெந்நீர் பிளாஸ்குகளிலும் பியோனி வரைவதுதான் வேலை. கல்யாணச் சீரில் அந்தக் கிண்ணம் இல்லாமல் இருக்காதாம். “எங்கள் ஊரில் ஓவியம் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கியதில்லை. காலையில் முகம் கழுவும்போது பார்த்துக்கொள்வார்கள்” என்பார். அதில் பெருமை இருந்தது. அலுப்பும் இருந்தது.

இங்கேயும் அதையேதான் கேட்டார்கள். ஒரு உணவகத்துக்கு மலையும் அருவியும் வரைந்து கொடுத்தார். அருவி வாசலைப் பார்த்து விழுகிறது, செல்வமெல்லாம் வெளியே ஓடிவிடும் என்று முதலாளி திருப்பி அனுப்பிவிட்டார். லின் பேஸ்மென்டில் உட்கார்ந்து மறுபடி வரைந்தார். “மலையை அப்படியே விட்டுவிட்டேன். தண்ணீரை மட்டும் கல்லாப்பெட்டிப் பக்கம் திருப்பினேன்” என்றார், சிரிக்காமல்.

அவர் வரைய விரும்பியது குளிர்காலத் தாமரை. தண்டு முறிந்து, இலை கருகி, பூ உதிர்ந்த தாமரை. பழைய சீனப் புலவர்கள் கொண்டாடிய காட்சி அது. ஆனால் குடும்பம் நடக்கும் வீட்டில் யாரும் அதை மாட்ட மாட்டார்கள். மெய்யும் மாட்டவிடவில்லை. யாராவது ஒருவர் வீட்டுச் சுவரில் அதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே ஆசையை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அது தெரிந்திருந்தும், நண்பர் ஒருவரின் புது வீட்டுக்காக நான் அவரிடம் தாமரை கேட்டேன். என் மனதில் இருந்தது மலர்ந்த செந்தாமரை. தாமரை வேண்டும் என்று அவரிடம் கேட்ட முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. மறுவாரமே சுருளோடு வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்தார். கறுப்பு மையில் ஒரு குளம், அதில் ஒரு பூகூட இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“புது வீட்டுக்குக் காஞ்சுபோன பூவையா எடுத்துட்டுப் போவாங்க? அவர்கிட்ட மீனே கேளுங்க” என்றாள் என் மனைவி. தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. படத்தை மெதுவாகச் சுருட்டினார். “உங்கள் மனைவி சீனக்காரிதான்” என்றார். நண்பருக்குக் கெண்டை மீன்கள் போயின.

இறுதிச்சடங்கில் சவப்பெட்டிக்குப் பின்னால் அந்தப் படத்தை மெய் மாட்டியிருந்தாள். காய்ந்த தாமரையை யாரும் குறை சொல்லாத ஒரே சுவர் அதுதான். அருவியைத் திருப்பி அனுப்பிய முதலாளியும் வந்திருந்தார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். “இவ்வளவு நல்ல படத்தை ஏன் எங்களுக்குக் காட்டவேயில்லை?” என்று மெய்யிடம் கேட்டார்.

சடங்கு முடிந்ததும் மெய் என்னிடம் வந்தாள். சாவுக்கு மாட்டியதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. “அப்பாவோடு எரித்துவிடட்டுமா, நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா?”

நான் தயங்கினேன். வீடு மகனுடையது, சுவர்கள் மருமகளுடையவை. என் மனைவிதான் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். “நம்ம ரூம்ல கதவுக்குப் பின்னாடி மாட்டிக்கலாம். பையன்கிட்ட நான் பேசிக்கறேன்.”

அங்கேதான் இருக்கிறது. அறைக்கதவு திறந்திருந்தால் அதன் மறைவில் போய்விடும். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டால்தான் அந்தக் குளம் தெரியும்.