முகர்ந்த ரோசா

கொழும்பில் தாதிப் பயிற்சி முடித்து ஆரையம்பதிக்குத் திரும்பியபோது ஒரு ரோசாக் கன்று கொண்டுவந்தேன். எங்கள் கிணறு உவர். அதனால் அம்மா தினமும் கோயில் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினார். முதல் பூவைக் கண்ணகை அம்மனுக்கு நேர்ந்திருந்தார்.

அது விரிந்த காலையில், பயிற்சியில் பழகியபடி, கண்டதையெல்லாம் குறித்துவைக்கும் கொப்பியை எடுத்து எழுதினேன். பூத்தட்டோடு வந்த அம்மா, “என்ன எழுதுறாய்?” என்றார்.

வாசித்தேன்: “நிறம், இளஞ்சிவப்பு. இதழ், ஐந்தடுக்கு. மணம், தேனும் ஏலக்காயும்.”

“மணமா? மோந்து பாத்தியா?”

“ஓம் அம்மா.” முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அம்மா பூத்தட்டைத் திண்ணையில் வைத்தார். பிறகு பூவைக் கொய்து என் கொண்டையில் செருகினார்.

“அடுத்த மொட்டு வரைக்கும் கண்ணகை அம்மாள் பொறுத்திருப்பா. அதுக்கு மூக்கப் பொத்திக்கொண்டு எழுது, புள்ள.”